இருபது நிமிடப் பேச்சினால் மனிதன் திருந்துவானா?

நம் வீடுகளில் புத்திமதிக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. மகன் வேலைக்காக வெளியூர் புறப்படுகிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்குகிறவரையில் தகப்பனார் விடமாட்டார். "பார்த்து நடந்துக்கோ. கெட்ட சகவாசம் வேண்டாம். நம்ம குடும்ப மானம் உன் கையிலதான் இருக்குது" என்பார். தாயாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா சொல்றதைக் கேளு கண்ணு" என்பாள். மகன் "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டுவான். காரமடையில் ஏறிய பஸ் பெரியநாயக்கன்பாளையம் தாண்டுவதற்குள் அந்தப் புத்திமதி அவனோடு இருக்கிறதா, வழியிலே இறங்கிப் போய்விட்டதா என்று யார் சொல்ல முடியும்?

இதை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கறிவேப்பிலை மூட்டையும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலையின் ஓரத்தில் நாம் வசிக்கிறோம். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போகிறார்கள். வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி எத்தனையோ வாலிபர் இங்கே வருகிறார்கள். வீட்டை விட்டுத் தூரமாய், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில், ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவனுக்கும் அவன் மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. அந்த மறைவான நடத்தையைப் பிறர் பேசுகிற பேச்சு மாற்ற முடியுமா? முடியுமானால் எந்த விதமான பேச்சு? ஒருவனிடம் முழுத் திருத்தத்தைக் கேட்காமல், ஒரு சிறிய அடியை மட்டும் எடுத்து வைக்கச் சொல்வது நியாயமாகுமா?

இக்கேள்விகளை நமக்கு முன்பே சில வைத்தியர்களும் மனோதத்துவ நிபுணர்களும் கேட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் வியாதியைத் தடுக்கும் வழி தேடியபோது அவர்கள் கண்டவற்றை நாமும் நிதானமாக யோசித்துப் பார்ப்பது நல்லது.

சென்னையில் தெரியவந்த செய்தி

1986-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாய்த் தோன்றியிருந்த அந்த வியாதி நம் தேசத்துக்கு வராது என்று படித்தவர்களே நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆராயச் சொன்னார். விபசாரத்தில் தள்ளப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இக்கிருமி இருக்கிறதென்று முதன்முதலாய் வெளிப்பட்டது அப்போதுதான்.

ஊரார் என்ன எண்ணினார்கள்? "அது அப்படிப்பட்டவர்களுக்கு வருகிற வியாதி, நமக்கென்ன?" என்று எண்ணினார்கள். ஆனால் அந்தப் பெண்களிடம் போய்வந்த ஆண்கள் ஆகாயத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லவே! அவர்களுக்கும் வீடு உண்டு, மனைவி உண்டு. 1993-இல் டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி அந்நிலையத்தார் 2000-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கிருமி கண்ட அப்பெண்களில் மிகப் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். தாலி கட்டிய கையே வியாதியையும் கொடுத்தது என்றால் அதைக் காட்டிலும் கொடுமை வேறு என்ன?

ஆகவே ஒரு மனிதனின் மறைவான நடத்தை அவனோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. அதன் பலனை ஒன்றும் அறியாத ஒருத்தி சுமக்கிறாள். சில வேளைகளில் அவள் வயிற்றில் வளரும் சிசுவும் சுமக்கிறது. இந்தக் கேள்வியின் கனம் அதில்தான் இருக்கிறது.

சொல்வதும் கேட்பதும்

அபாயம் தெரிந்தவுடன் முதலில் செய்யப்பட்டது என்ன? எங்கும் செய்வதுதான்: சொன்னார்கள். சுவரில் எழுதினார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டின் சுவர்களிலெல்லாம் எழுதி வைத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தது. அந்த விளம்பரத்தால் பயனில்லை என்று சொல்ல மாட்டோம். வாய்விட்டுப் பேசக் கூசிய சங்கதியை அது தேநீர்க் கடைப் பேச்சாக்கிற்று. ஆயினும் சிரித்த ஒவ்வொருவரும் புள்ளிராஜாவைப் பற்றியே யோசித்தார்களேயொழிய, "எனக்கு வருமா?" என்று தம்மைக் கேட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அறிவு ஒரு காரியம். அதைத் தன்மேல் வைத்துப் பார்ப்பது வேறொரு காரியம்.

இந்த வித்தியாசத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் ஐந்து நகரத்து மருத்துவ நிலையங்களில் 1993 முதல் 1996 வரை அது நடந்தது. முன்னின்று நடத்தியவர் டாக்டர் மேரி காம்ப். அவரோடு உழைத்தவர்களில் ஒருவர் மார்ட்டின் பிஷ்பைன் என்னும் மனோதத்துவ நிபுணர். ஒருவன் ஒரு செயலைச் செய்வது அச்செயலைப் பற்றிய அறிவினால் மட்டும் அல்ல, "இதனால் எனக்கு நன்மையா?", "எனக்கு வேண்டியவர்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்?", "இது என்னால் ஆகுமா?" என்று அவன் உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கினாலேயே என்பது பிஷ்பைன் பல வருஷங்களாய் எடுத்துச் சொன்ன கருத்து.

5,758 பேர் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியாருக்கு வழக்கம்போல ஐந்தைந்து நிமிடம் இருமுறை புத்திமதி சொல்லப்பட்டது. இன்னொரு பகுதியாரோடு ஓர் ஆலோசகர் இருபது நிமிடம் தனியே உட்கார்ந்து பேசினார். அவர் உபதேசம் செய்யவில்லை, கேட்டார். "உங்களுக்கு அபாயம் எந்த நேரத்தில் நேருகிறது? யாரோடு இருக்கும்போது? குடித்திருக்கும்போதா? அதைக் குறைக்க இந்த வாரத்தில் உங்களால் ஆகக்கூடிய ஒரு காரியம் எது?" என்கிற போக்கில் பேச்சு நடந்தது. அந்த ஒரு காரியத்தை அவரே தேர்ந்துகொண்டு போனார். சில நாட்களில் இரத்தச் சோதனையின் முடிவை அறிய மறுபடி வந்தபோது, இன்னுமோர் இருபது நிமிடம்: "அன்று சொன்னது என்ன ஆயிற்று? எங்கே இடறிற்று?" அவ்வளவுதான்.

முடிவு 1998-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குள் புத்திமதி மட்டும் பெற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 10 பேருக்குப் புதிதாய்ப் பால்வினை நோய் கண்டது. கேட்கப்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கே கண்டது. ஒரு வருஷ முடிவில் வித்தியாசம் சற்றுக் குறைந்தாலும் அடியோடு மறையவில்லை. மூன்று பேர்தானே என்று நினைக்க வேண்டாம். அந்த மூவரின் வீடுகளில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சென்னை ஒயின் ஷாப்புகளில்

நம் நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஜெப்ரி கெல்லி என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வழியைக் கண்டார். வெளியிலிருந்து ஒருவர் வந்து போதிப்பதைவிட, நாலு பேர் மதிக்கும் நண்பன் ஒருவனைப் பழக்கி, அவன் தன் கூட்டாளிகளோடு பேச்சோடு பேச்சாய் இதைச் சொல்லும்படி செய்யலாம் என்பது அவர் யோசனை. இதைச் சீனா, இந்தியா, பெரு, ருஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து தேசங்களில் சோதித்தார்கள். இந்தியாவில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தார் சென்னையின் குடிசைப் பகுதிகளில், ஒயின் ஷாப்புக்குப் போய்வருகிறவர்களிடையே அதை நடத்தினார்கள்.

2010-இல் வெளியான முடிவு பலரை ஏமாற்றியது. நண்பர்கள் பேசிய பகுதிகளில் தவறான நடத்தை குறைந்தது உண்மை. ஆனால் அப்படிப் பேச ஏற்பாடு செய்யாத பகுதிகளிலும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது! இருதரப்பாருக்கும் வியாதியைப் பற்றிய தகவலும் இரத்தச் சோதனையும் சிகிச்சையும் கிடைத்தன. அதோடு, இருதரப்பாரையும் தொடக்கத்திலும், ஒரு வருஷம் கழித்தும், இரண்டு வருஷம் கழித்தும் தனித்தனியே உட்காரவைத்து, அவர்கள் நடத்தையைப் பற்றி மரியாதையோடு விசாரித்தார்கள். அளப்பதற்காகக் கேட்ட அந்தக் கேள்விகளே மாற்றத்துக்கு ஒரு காரணமாய் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களே கருதினார்கள். பிறந்தது முதல் ஏச்சும் பேச்சுமே கேட்டு வளர்ந்த ஒரு கூலிக்காரரை ஒருவர் நாற்காலியில் உட்காரச் சொல்லி, "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அந்த விசாரிப்பே அவருக்குப் புதிது. தன்னைப் பற்றித் தன் வாயாலேயே சொல்லும்போது, சொல்லுகிறவரும் அதைக் கேட்கிறார் அன்றோ?

மந்திரம் அல்ல

இதைக் கேட்டுவிட்டு, "ஆகா, இருபது நிமிடம் போதும், உலகம் திருந்திவிடும்" என்று எவரும் எண்ண வேண்டாம். 2013-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி அந்த ஆசையை அடக்குகிறது. லிசா மெட்ச் என்பவரும் அவர் தோழர்களும் ஒன்பது மருத்துவ நிலையங்களில் 5,012 பேரை ஆராய்ந்தார்கள். அப்போது இரத்தச் சோதனையின் முடிவு அன்றைக்கே சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சோதனையோடு ஆலோசனையும் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் நோய் கண்டவர்கள் 100-க்கு 12 பேர். தகவல் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 11 பேர். ஆலோசனையால் ஒரு லாபமும் காணோம்.

முந்திய ஆராய்ச்சியில் ஒருவர் ஒரு தீர்மானத்தோடு வீட்டுக்குப் போனார். சில நாள் அதோடு வாழ்ந்து பார்த்தார். மறுபடி வந்து கணக்குச் சொன்னார். பிந்தியதில் எல்லாம் ஒரே வருகையில் முடிந்தது. காலமும் மாறியிருந்தது; ஜனங்கள் அறிந்திருந்தவையும் மாறியிருந்தன. எப்படியாயினும், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. சிறிய பேச்சுக்குள் மந்திர சக்தி எதுவும் இல்லை. அது கதவைத் தட்டும்; திறப்பவன் உள்ளே இருப்பவன்தான். திறந்தபின் அவன் நடக்க வேண்டிய வழியில் துணைக்கு ஆள் இல்லாவிட்டால், தட்டியது வீணாகவும் போகலாம்.

சிறிய அடி போதுமா?

இனி கஷ்டமான கேள்விக்கு வருவோம். நம்மில் பெரியவர்கள் கேட்பார்கள்: "தவறு செய்கிறவனிடம் 'தவறை விடு' என்றல்லவா சொல்ல வேண்டும்? 'இந்த வாரம் ஒரு காரியத்தையாவது மாற்றிக்கொள்' என்று கேட்பது தவறோடு ராஜி செய்துகொள்வது ஆகாதா? ஆணுறையைக் கையில் கொடுத்தனுப்புவது 'போய் வா' என்று சொல்வதாகாதா?"

இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. கற்பும் விவாகப் பிரமாணிக்கமும் வெறும் சுகாதார விதிகள் அல்ல. அவற்றை அப்படிச் சுருக்கிவிட்டால் மனிதனையே சுருக்கிவிட்டவர்கள் ஆவோம். ஆனால் அந்த உயர்ந்த நிலையைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கீழே நிற்பவனுக்குப் படியே இல்லாமல் செய்துவிட்டால், அதுவும் அன்பாகாது. பாப்பரசர் 16-ஆம் பெனடிக்ட் 2010-இல், ஜெர்மானியப் பத்திரிகையாளர் பீட்டர் ஜேவால்டுக்கு அளித்த பேட்டி நூலில் இதைத் தொட்டுப் பேசினார். விபசாரத்தில் ஈடுபட்ட ஒருவன், பிறருக்கு வியாதி தொற்றக்கூடாது என்று எண்ணி ஆணுறையை உபயோகித்தால், சில சந்தர்ப்பங்களில் அது அவனுக்குள் பொறுப்புணர்ச்சி விழிக்கிற முதல் அடியாக இருக்கக்கூடும் என்றார். அதே மூச்சில், வியாதியை எதிர்க்கும் உண்மையான வழி அது அல்ல என்றும், ஆண் பெண் உறவு மறுபடியும் மனிதத்தன்மை பெறுவதே வழி என்றும் சொன்னார். இதனால் திருச்சபையின் போதனை மாறிவிடவில்லை என்பதை உரோமாபுரி அந்த வருஷ முடிவிலேயே தெளிவுபடுத்திற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது "முதல் அடி" என்னும் சொல். முதல் அடி என்றால் இரண்டாவது அடியும் உண்டு. தன் செயலால் இன்னொரு ஆளுக்குக் கேடு வரும் என்று ஒருவன் ஒரு கணம் நினைத்துவிட்டான் என்றால், அதுவரை அவனுக்கு வெறும் பொருளாய் இருந்த ஒருத்தி ஓர் ஆளாகத் தெரியத் தொடங்கிவிட்டாள். வீட்டில் காத்திருக்கும் மனைவியின் முகமும் அவன் கண்ணில் படும். ஆகவே சிறிய அடியைக் கேட்பது குற்றம் அல்ல. சிறிய அடியோடு நிறுத்திக்கொண்டு, "இவனால் இவ்வளவுதான் ஆகும்" என்று எண்ணிவிடுவதுதான் குற்றம். முழு நன்மையைக் காட்டாமல் மறைப்பது ஒரு பிழை. முழு நன்மையையே தடியாக எடுத்து அடிப்பது மற்றொரு பிழை.

பயமில்லாமல் உண்மை பேச ஓர் இடம்

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கேட்கப்பட்டவன் உண்மை சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் அது வெளியே போகாது என்ற தைரியம் இருந்தாலன்றி எவன் சொல்வான்? பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரகசியத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆலோசகரின் அறையில் பாவமன்னிப்புக் கிடைக்காது. அது வேறு காரியம். ஆனால் அங்கேயும் இரகசியம் காக்கப்பட வேண்டும்.

இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனை இலவசம், சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் தனியே பேசுவார். 1097 என்ற எண்ணுக்குச் செலவில்லாமல் டெலிபோனிலும் கேட்கலாம். 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் சோதிப்பதும், முடிவை வெளியிடுவதும், அதைக் காட்டி வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்குவதும் கூடாது. கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் வாழ்வு முடிந்ததாக அர்த்தம் இல்லை. 2004 முதல் அரசாங்கம் மருந்தை இலவசமாய்க் கொடுத்துவருகிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்கென்று மையம் உண்டு. தவறாமல் மருந்து உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறவரையில், தாம்பத்திய உறவினால் துணைக்கு அது தொற்றுவதில்லை. கர்ப்பிணியான தாய் காலத்தோடு மருந்து எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் குழந்தையையும் காப்பாற்றிவிடலாம். கூட உட்கார்ந்து உண்பதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கையைப் பிடிப்பதாலோ இது தொற்றாது.

வசதிகள் இருக்கின்றன, ஆனால் அந்த அறைக்குப் போகிற வழி நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் வாய் திறக்கப் பயந்தவன் அங்கே போகவும் பயப்படுவான். "இவனைப் பற்றி அரசல் புரசலாக ஏதோ கேள்விப்பட்டேன்" என்று நாம் ஒருவர் காதில் ஒருவர் ஓதினால், அந்த அறையின் கதவை நாமே சாத்துகிறோம்.

நம் வீட்டில்

மனோதத்துவம் படித்தால்தான் இப்படிப் பேச முடியும் என்பதில்லை. வெளியூர் புறப்படுகிற மகனிடம் தகப்பனார் பத்துப் புத்திமதி சொல்வதற்குப் பதிலாக, முந்திய நாள் இரவில், தாயாரும் தங்கையும் பக்கத்தில் இல்லாத நேரமாய்ப் பார்த்து, ஒரு கேள்வி கேட்கலாம்: "போற இடத்துல உனக்கு எது கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறே கண்ணு?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் நமக்கு வராத கலை. மகன் முதலில் "ஒண்ணும் இல்லீங்கப்பா" என்பான். கொஞ்ச நேரம் பொறுத்தால், "ரூமுல கூட இருக்கிறவங்க எல்லாரும் குடிப்பாங்களாமா... எனக்குத்தான் எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு தெரியலீங்க" என்று மெல்ல வரலாம். அப்போது கையை ஓங்காமல், "அப்படி வந்தா என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டால், அவன் சொல்லுகிற பதில் அவனுடையது. நாம் சொன்னதை அவன் மறக்கலாம்; தான் சொன்னதை அவ்வளவு சுலபமாய் மறக்கமாட்டான்.

இரண்டாவது கேள்வியையும் மறந்துவிடக்கூடாது. கிறிஸ்மஸுக்கோ பொங்கலுக்கோ அவன் வீடு வரும்போது, "அன்னைக்குச் சொன்னியே, எப்படிப் போச்சு?" என்று கேட்க வேண்டும். "முடியலீங்கப்பா, தவறிப் போச்சு" என்று அவன் சொல்ல நேர்ந்தால், அதையும் கேட்கிற நெஞ்சம் நமக்கு வேண்டும். தவறு சரியாகிவிடும் என்பதற்காக அல்ல. தவறிய பிறகும் உண்மை பேச ஒரு வீடு இருக்கிறது என்று அறிந்தவன், அடுத்த அடியைச் சோதனை நிலையத்துக்கும், மருத்துவரிடத்துக்கும், மனைவியிடத்துக்கும் எடுத்து வைப்பான். அந்த வீடு இல்லாதவன் மறைப்பான்; மறைப்பதன் கூலியை வேறொருத்தி கொடுப்பாள்.

இருபது நிமிடப் பேச்சினால் மனிதன் திருந்துவானா? பேச்சு அவனைத் திருத்துவதில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஓர் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைச் சென்னையில் சில நல்லவர்கள் முன்பின் அறியாத ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு மனம் இல்லாமற் போகலாமா?